‘நியூசென்ஸ்’ முதல் ‘தொல்லை’ வரை: ஒரு சட்டச்சொல்லின் பொருள் வரலாறும் எளாவூர் வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

‘நியூசென்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் தோன்றிய காலத்தில் ‘தீங்கு’ என்று பொருள்பட்டது. பேச்சு வழக்கில் அது ‘எரிச்சலூட்டுவது’ என்னும் அளவிற்கு மெலிந்தது. சட்டத்தில் பழைய வன்மையுடனேயே நீடித்தது. தமிழ் அச்சொல்லைக் கடனாகப் பெற்றபோதும் ‘தொல்லை’ என மொழிபெயர்த்தபோதும் மெலிந்த பொருளே மேலோங்கியது. இப்பொருள் வேறுபாடு தொழிற்சாலைகளை அடுத்து வாழும் ஊராரின் முறையீட்டை எவ்வாறு பாதிக்கக்கூடும் என்பதைத் திருவள்ளூர் மாவட்டம் எளாவூர் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ‘ஊறு’ என்னும் பழந்தமிழ்ச் சொல் சட்டப்பொருளுக்கு நெருங்கியது என்பதையும் இது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: நியூசென்ஸ், பொதுத்தொல்லை, ஊறு, சட்டத்தமிழ், சொற்பொருள் மாற்றம், எளாவூர், கும்மிடிப்பூண்டி

முன்னுரை

சொற்கள் காலப்போக்கில் பொருள் மாறுவது மொழியியலில் நன்கு அறியப்பட்ட நிகழ்வு. இலக்கியச் சொல் ஒன்று பொருள் மாறினால் உரையாசிரியர் அதனை விளக்கிவிடுவார். சட்டச்சொல் பொருள் மாறும்போது அதன் விளைவு ஏட்டோடு முடிவதில்லை. உரிமை கோரி விண்ணப்பம் எழுதுபவர் ஒரு பொருளில் அச்சொல்லை எழுத, அதனைப் படிக்கும் அலுவலர் வேறொரு பொருளில் புரிந்துகொள்ளும் நிலை ஏற்படுகிறது. ‘நியூசென்ஸ்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

சென்னைக்கு வடக்கே, ஆந்திரப் பிரதேச எல்லையை நெருங்கி அமைந்த ஊர் எளாவூர். கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் வழியே சென்னை – கூடூர் இருப்புப்பாதையும், முன்னர் 5ஆம் எண்ணும் இப்போது 16ஆம் எண்ணும் கொண்ட தேசிய நெடுஞ்சாலையும் செல்கின்றன. மாநிலங்களுக்கிடையே செல்லும் சரக்கு வாகனங்களைச் சோதிக்கும் ஒருங்கிணைந்த சோதனைச்சாவடியும் இங்கு உள்ளது. இவ்வூருக்குத் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் இயங்குகிறது. புகை, நெடி, தூசி, இரைச்சல் ஆகியவை இத்தகைய வளாகங்களை அடுத்த ஊர்களில் இயல்பாக எழும் முறையீடுகள். இம்முறையீடுகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் பழைய பெயர்தான் ‘நியூசென்ஸ்’. ஆகவே அச்சொல்லின் வரலாற்றை இவ்வூரிலிருந்து நோக்குவது பொருத்தமாகிறது.

தீங்கிலிருந்து எரிச்சலுக்கு

‘நியூசென்ஸ்’ என்னும் சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. அதன் மூலம் ‘நோசேரே’ என்னும் இலத்தீன் வினைச்சொல். ‘தீங்கு செய்தல்’ என்பது அதன் பொருள். குற்றமற்றவரைக் குறிக்கும் ‘இன்னசென்ட்’, நச்சுத்தன்மையைக் குறிக்கும் ‘நாக்சியஸ்’ ஆகிய சொற்களும் இம்மூலத்திலிருந்தே பிறந்தவை. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல் காயம், கேடு ஆகிய பொருள்களில் வழங்கியது. 17ஆம் நூற்றாண்டில் ஒருவருக்குப் பிடிக்காததையும் மனச்சலிப்பு தருவதையும் குறிக்கத் தொடங்கியது. பின்னர் தொந்தரவு செய்யும் மனிதரையே ‘நியூசென்ஸ்’ என்று சொல்லும் வழக்கு பரவியது.

இதனோடு இணைத்துப் பேசப்படும் ‘அனாயன்ஸ்’ என்னும் சொல்லின் வரலாறும் ஒப்பிடத்தக்கது. ‘வெறுப்புக்குரியது’ என்னும் பொருள் தரும் இலத்தீன் தொடரிலிருந்து அது பிறந்தது. அதாவது, முதற்சொல் வெளியே நிகழும் கேட்டையும் இரண்டாவது சொல் உள்ளத்தில் எழும் உணர்வையும் குறித்தன. பேச்சு வழக்கில் முதற்சொல் இரண்டாவதன் பொருளை ஏற்றுக்கொண்டது. புறத்தே நிகழ்ந்த கேட்டின் பெயர் அகத்தே எழும் எரிச்சலின் பெயராயிற்று.

இந்த மெலிவு ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் கொலையையும் கொடுமையையும் குறித்த ‘ஹிம்சா’ தமிழில் ‘இம்சை’ ஆகி, இன்று ஓயாமல் நச்சரிப்பதைக் கூடக் குறிக்கிறது. 2006ஆம் ஆண்டு வெளியான ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ என்னும் நகைச்சுவைத் திரைப்படத்தின் தலைப்பு இப்பொருள் மாற்றத்தை எளிதில் உணர்த்தும். பேரிடரையும் துன்புறுத்தலையும் குறித்த ‘உபத்திரவம்’ என்னும் சொல்லுக்கும் இதுவே நேர்ந்தது. தமிழ் விவிலியத்தில் பெருந்துயரைச் சுட்டும் அச்சொல், அன்றாடப் பேச்சில் சிறு தொந்தரவுக்கும் ஆளப்படுகிறது. மிகுதிப்படுத்திச் சொல்லும் மனித இயல்பே இதற்குக் காரணம் எனலாம். சிறு துன்பத்திற்குப் பெருஞ்சொல்லைப் பலகாலும் ஆண்டால் அச்சொல் சிறுத்துவிடுகிறது.

சட்டம் காத்த பழம்பொருள்

பேச்சு வழக்கு மெலிந்துகொண்டிருந்த காலத்திலும் ஆங்கிலப் பொதுச்சட்டம் சொல்லின் மூலப்பொருளைக் காத்துவந்தது. 1610ஆம் ஆண்டின் ஆல்ட்ரெட் வழக்கு இதற்கு முதன்மைச் சான்று. அண்டை நிலத்தார் கட்டிய பன்றிக்கொட்டிலின் நாற்றத்தால் தம் வீட்டில் வாழ இயலவில்லை என்பது ஆல்ட்ரெட் என்பாரின் முறையீடு. பன்றிவளர்ப்பு மக்களின் உணவுக்குத் தேவையானது. அதன் நாற்றத்தைத் தாங்காத அளவிற்கு ஒருவர் மென்மையான மூக்கைக் கொண்டிருத்தல் ஆகாது என்பது எதிர்வாதம். நீதிமன்றம் எதிர்வாதத்தை ஏற்காமல், வீட்டில் நல்ல காற்றைப் பெறுவது உரிமை எனக் கொண்டு முறையீட்டாளருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மூக்கு உணர்ந்தது வெறும் மனக்குறையாகக் கருதப்படாமல் சான்றாகவே ஏற்கப்பட்டது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

தொழிற்புரட்சிக்குப் பின்னர் இக்கேள்வி புதிய வடிவம் பெற்றது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் செயின்ட் ஹெலன்ஸ் என்னும் தொழில் நகரத்தருகே டிப்பிங் என்பவர் பெரும் பண்ணை ஒன்றை வாங்கினார். அருகிலிருந்த செம்பு உருக்காலையின் ஆவியால் அவருடைய மரங்களும் செடிகளும் கேடுற்றன. ‘இது தொழிற்பகுதி, இங்கு இவ்வாறுதான் இருக்கும்’ என்பது ஆலையின் வாதம். 1865இல் பிரபுக்கள் அவை இவ்வழக்கில் இருவகைக் கேடுகளைப் பிரித்தறிந்தது. சொத்துக்கு நேரும் பருப்பொருட் சேதம் ஒருவகை. ஒருவரின் புலன்களுக்கும் நரம்புகளுக்கும் நேரும் வசதிக்குறைவு மற்றொரு வகை. இரண்டாம் வகையில் மட்டுமே அப்பகுதியின் இயல்பைக் கருத்திற் கொள்ள வேண்டும். முதல்வகைச் சேதத்திற்குத் தொழிற்பகுதி என்னும் காரணம் விடையாகாது என்பது அவையின் முடிவு.

இவ்வேறுபாடு இக்கட்டுரையின் மையத்திற்கு இன்றியமையாதது. ஒருவரின் முறையீடு ‘எரிச்சல்’ என்று வகைப்படுத்தப்பட்டால், ‘இது தொழிற்பேட்டைப் பகுதிதானே’ என்னும் விடைக்கு இடமுண்டு. அதே முறையீடு ‘சேதம்’ என்று வகைப்படுத்தப்பட்டால் அவ்விடை செல்லாது. எனவே முறையீட்டிற்கு இடப்படும் பெயர் அதன் முடிவையே மாற்றக்கூடும்.

இந்தியச் சட்டங்களில் ‘நியூசென்ஸ்’

மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837இல் அளித்த வரைவிலிருந்து உருவான இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 268ஆம் பிரிவு பொதுத்தொல்லையை வரையறுத்தது. பொதுமக்களுக்கோ, அருகில் குடியிருப்போருக்கோ, அங்குச் சொத்து வைத்திருப்போருக்கோ பொதுவான ஊறு, ஆபத்து அல்லது எரிச்சல் விளைவிக்கும் செயலும், சட்டத்திற்குப் புறம்பாகச் செய்யாது விடுதலும் அவ்வரையறைக்குள் அடங்கும். ஏதேனும் ஒரு வசதியோ ஆதாயமோ விளைகிறது என்பதால் மட்டும் அது மன்னிக்கப்படாது எனவும் அப்பிரிவு கூறியது. வேலைவாய்ப்பு, வளர்ச்சி ஆகிய காரணங்களைக் காட்டிப் பிற்காலத்தில் எழுந்த வாதங்களுக்கு இவ்வொரு தொடர் முன்கூட்டியே விடையளித்திருப்பது குறிப்பிடத்தக்கது.

வரையறை இத்துணை விரிவாக இருந்தபோதிலும் தண்டனை சிறியது. வேறு பிரிவுகளில் தண்டனை கூறப்படாத பொதுத்தொல்லைக்கு 290ஆம் பிரிவு விதித்த உச்ச அபராதம் 200 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் வரையறை 270ஆம் பிரிவிலும் தண்டனை 292ஆம் பிரிவிலும் இடம்பெறுகின்றன. உச்ச அபராதம் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. மேலும், பொதுவான அறிவும் மனநிலையும் கொண்ட எவரும் முறையிடாத அளவிற்குச் சிறிதான தீங்கு குற்றமாகாது என்னும் விதி (பழைய 95ஆம் பிரிவு, இன்றைய 33ஆம் பிரிவு) இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது. முறையீட்டின் சொல் மெலிந்திருந்தால் அம்முறையீடு இவ்விதியின் வழியே நழுவிப்போக வாய்ப்புண்டு.

தண்டனையைவிட ஆற்றல் மிக்கது தீர்வுமுறை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு (இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு) பொதுத்தொல்லையை அகற்றுமாறு நிபந்தனை ஆணை பிறப்பிக்க நிருவாக நடுவருக்கு அதிகாரம் அளிக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடையாலும் மதுவடிப்பாலைக் கழிவாலும் அல்லலுற்ற குடியிருப்பாளர்கள் இப்பிரிவின் கீழ் நடுவரை அணுகினர். நகராட்சி நிதியின்மையைக் காரணம் காட்டியது. 1980இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு, நிதியின்மை சட்டக்கடமையிலிருந்து விலக்களிக்காது என உறுதிப்படுத்தியது. காலனியாட்சிக் காலத்துப் பிரிவு ஒன்று மக்களின் நல்வாழ்வுரிமைக்குக் கருவியாகும் என்பதை இத்தீர்ப்பு காட்டியது.

சென்னை மாகாணமும் ‘நியூசென்ஸ் கேஸும்’

அகில இந்தியச் சட்டம் இவ்வாறிருக்க, சென்னை மாகாணத்தில் இச்சொல் மற்றொரு பாதையிலும் பயணம் செய்தது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காலரா போன்ற நோய்களைத் தடுக்கும் நோக்கில் ‘நியூசென்ஸ் இன்ஸ்பெக்டர்’ என்னும் பதவி உருவானது. அங்குச் சுகாதாரத்தோடு இணைந்திருந்த சொல், காலனி நகரங்களில் தெரு ஒழுங்கோடும் இறுக இணைந்தது. 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம், 1889ஆம் ஆண்டின் சென்னை நகரங்கள் தொல்லைகள் சட்டம் ஆகியவை தெருக்களிலும் பொது இடங்களிலும் நிகழும் சிறு குற்றங்களைக் கையாண்டன. குடித்துவிட்டுப் பொது இடத்தில் கலகம் செய்வதைத் தண்டிக்கும் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவு இவற்றுள் பெயர் பெற்றது.

இச்சட்டங்களின் நடைமுறையே ‘நியூசென்ஸ் கேஸ்’ என்னும் தொடரைத் தமிழ்ப் பேச்சுக்கு அளித்தது எனலாம். சிறு அபராதத்தோடு முடியும் வழக்கு, பெரிதாகக் கருதத் தேவையற்ற வழக்கு என்பதே அத்தொடரின் உட்பொருள். ‘அவன் ஒரு நியூசென்ஸ்’ என்று மனிதரைச் சுட்டும் வழக்கும் நிலைபெற்றது. சட்டத்தின் வழியாகவே தமிழுக்கு வந்தும், அச்சொல் சட்டத்தின் வன்பொருளை உடன்கொண்டுவரவில்லை. காவல் நிலையத்திலும் தெருவிலும் கேட்ட பொருளையே மக்கள் ஏற்றுக்கொண்டனர்.

இதே காலப்பகுதியின் பிற்பகுதியில் சுகாதாரச் சட்டம் இச்சொல்லுக்கு மிக விரிந்த பொருளை வழங்கியது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் வரையறை பார்வை, மணம், செவி ஆகிய புலன்களுக்கு நேரும் ஊறு, ஓய்வுக்கும் உறக்கத்திற்கும் நேரும் இடையூறு ஆகியவற்றையும், உயிருக்கும் உடல்நலத்திற்கும் சொத்துக்கும் நேரும் கேட்டையும் உள்ளடக்கியது. இவ்வரையறை புலனையும் உடல்நலத்தையும் ஒரே தொடரில் வைக்கிறது. ஆயினும் பேச்சில் நிலைத்தது 1939இன் பொருளன்று. 1888, 1889ஆம் ஆண்டுகளின் பொருளே.

‘தொல்லை’ என்னும் மொழிபெயர்ப்பு

சட்டத்தைத் தமிழில் சொல்லும் முயற்சிக்கு நெடிய வரலாறு உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலாக 1862இல் வெளியிட்டார். 1956ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின்னர் ஆட்சிச்சொல், சட்டச்சொல் ஆக்கம் விரைவு பெற்றது. அவ்வழியில் ‘பப்ளிக் நியூசென்ஸ்’ என்பதற்குப் ‘பொதுத்தொல்லை’ என்னும் சொல் சட்டத்தமிழில் வழங்கலாயிற்று.

‘தொல்லை’ என்னும் சொல்லுக்கும் தனி வரலாறு உண்டு. ‘தொல்’ என்னும் அடியிலிருந்து பழமை என்னும் பொருளில் அது இலக்கியங்களில் பயின்றுள்ளது. திருக்குறளின் ‘பழைமை’ அதிகாரத்தில் 806ஆம் குறள் அச்சொல்லைப் பழமைப் பொருளிலேயே ஆள்கிறது. துன்பம் என்னும் பொருள் இன்றைய வழக்கில் மேலோங்கியுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இரு பொருள்களையும் பதிவு செய்கிறது.

இன்றைய தமிழில் ‘தொல்லை’யின் பரப்பு மிகப் பெரிது. கொசுத்தொல்லை, நாய்த்தொல்லை, கடன்தொல்லை, பாலியல் தொல்லை என எல்லாவற்றிற்கும் அதுவே பயன்படுகிறது. கொசுவுக்கும் பாலியல் குற்றத்திற்கும் ஒரே சொல்லை ஆள்வதன் இடர்ப்பாடு வெளிப்படை. பெயரின் கனம் குறித்த இத்தகைய உணர்வு தமிழ்நாட்டுச் சட்ட வரலாற்றில் முன்னரே செயற்பட்டுள்ளது. 1998இல் ‘ஈவ் டீசிங்’ என்னும் சொல்லைத் தலைப்பிற்கொண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரில் பின்னர் அச்சொல் நீக்கப்பட்டு, பெண்களைத் துன்புறுத்துதல் என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்றது. கேலி என்று ஒலிக்கும் பெயர் குற்றத்தின் தன்மையை மறைக்கிறது என்பதே அம்மாற்றம் உணர்த்தும் கருத்தாகும்.

இலங்கைத் தமிழில் இப்பொருட்புலத்திற்குக் ‘கரைச்சல்’, ‘அரியண்டம்’ ஆகிய சொற்கள் வழங்குகின்றன. இவையும் பெரும்பாலும் மனச்சலிப்பைச் சுட்டுவனவே. ஆக, தமிழ் வழங்கும் நிலங்களில் எரிச்சலுக்குச் சொற்கள் பல உள. புலனால் உணரப்படும் கேட்டைத் தனியே சுட்டும் சொல் இவற்றுள் இல்லை.

எரிச்சல் அளவுகோலாகுமா?

‘எரிச்சல்’ என்னும் உணர்வை மட்டும் சட்டத்தின் அளவுகோலாக்குவது எவ்வளவு இடர் மிக்கது என்பதை 2015 மார்ச் 24 அன்று வழங்கப்பட்ட ஸ்ரேயா சிங்கால் வழக்குத் தீர்ப்பு காட்டுகிறது. இணையவழிச் செய்திகளால் எரிச்சலும் வசதிக்குறைவும் ஏற்படுத்துவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை உச்சநீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது எனச் செல்லாததாக்கியது. ஒருவருக்கு எரிச்சல் தருவது மற்றொருவருக்குத் தராமற்போகலாம்; ஆதலின் அச்சொல்லுக்கு வரையறுத்த எல்லை இல்லை என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று.

பேச்சுரிமையைப் பொறுத்தவரை இம்முடிவு தேவையானது. எனினும் இதிலிருந்து பொதுத்தொல்லை பற்றியும் ஒரு பாடம் பெறலாம். புகையைப் பற்றிய முறையீடும் கருத்தைப் பற்றிய முறையீடும் ஒரே ‘எரிச்சல்’ என்னும் சொல்லால் குறிக்கப்படினும் இரண்டும் ஒரு தன்மையன அல்ல. கருத்து உள்ளத்தைத் தொடுகிறது. புகை நுரையீரலைத் தொடுகிறது. சொல் ஒன்றாக இருப்பதால் இவ்வேறுபாடு மறைந்துவிடக்கூடாது.

எளாவூரில் இச்சொல் பெறும் பொருள்

தமிழ்நாடு மாநிலத் தொழில் முன்னேற்ற நிறுவனம் (சிப்காட்) 1971இல் தொடங்கப்பட்டது. அதன் வளாகங்களுள் ஒன்றான கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கு, உருட்டாலை, வேதிப்பொருள் முதலிய தொழில்கள் இயங்குகின்றன. வேலைவாய்ப்பும் போக்குவரத்தும் பெருகின. பிற மாநிலத் தொழிலாளர்களும் இங்குக் குடியேறினர். இருப்புப்பாதை, நெடுஞ்சாலை, சோதனைச்சாவடி, தொழில் வளாகம் ஆகிய அனைத்தின் அருகிலும் அமைந்த எளாவூர் போன்ற ஊர்களில், சட்டம் கூறும் தொல்லையின் எல்லா வகைகளும் ஒருங்கே எழுவதற்கு இடமுண்டு.

இத்தகைய ஊரில் வாழ்பவருக்கு இன்று இருவழிகள் உள. முதலாவது, மாசுக்கட்டுப்பாட்டுச் சட்டங்களின் வழி. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றைச் செயற்படுத்தும் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. இவ்வழியில் முதன்மைச் சான்று கருவியின் அளவீடு. இரண்டாவது, பொதுத்தொல்லையின் வழி. எளாவூர் அடங்கிய பொன்னேரி வருவாய்க் கோட்டத்தின் நிருவாக நடுவரை அணுகலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவின் கீழ் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ நீதிமன்ற அனுமதியுடன் வழக்குத் தொடரலாம். இவ்வழியில் அங்கு வாழும் மனிதரின் புலனறிவும் சான்றாகும். முதல்வழி வந்ததால் இரண்டாம் வழி அடைபட்டுவிட்டதா என்னும் ஐயத்திற்கு 2003இல் மத்தியப் பிரதேச அரசு எதிர் கேடியா தோல் மற்றும் மதுபான நிறுவன வழக்கில் உச்சநீதிமன்றம் விடையளித்தது. நீர், காற்றுச் சட்டங்கள் 133ஆம் பிரிவை மறைமுகமாக நீக்கிவிடவில்லை. இரண்டும் உடனிணைந்து இயங்கும் என்பது அத்தீர்ப்பு.

அளவீட்டுச் சட்டங்களிலும் 1865ஆம் ஆண்டின் வேறுபாடு மறைமுகமாகத் தொடர்வதைக் காணலாம். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் பகலில் தொழிற்பகுதிக்கு 75 டெசிபல், குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல் என வேறுபட்ட எல்லைகளை வகுக்கின்றன. அதாவது, இரைச்சல் இன்னும் இடத்தைப் பொறுத்த எரிச்சலாகவே கருதப்படுகிறது. காற்றுத்தர அளவுகளின் நிலை வேறு. 1994ஆம் ஆண்டின் அளவுகள் தொழிற்பகுதிக்குத் தளர்வான எல்லையை அளித்தன. 24 மணி நேரத்திற்கான மொத்த மிதவைத் துகள் எல்லை தொழிற்பகுதிக்கு 500 மைக்ரோகிராம், குடியிருப்புக்கு 200 மைக்ரோகிராம் என்றிருந்தது. 2009ஆம் ஆண்டின் அளவுகளில் இவ்வேறுபாடு நீக்கப்பட்டது. 2.5 மைக்ரோமீட்டர்வரையிலான நுண்துகள்களுக்கு, ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் என்னும் 24 மணி நேர எல்லை இரு பகுதிகளுக்கும் ஒன்றே. காற்று மாசு உடலுக்கு நேரும் சேதம் என ஏற்கப்பட்டதும் ‘இது தொழிற்பகுதி’ என்னும் விடை வலுவிழந்ததை இம்மாற்றம் புலப்படுத்துகிறது.

எனினும் 2009ஆம் ஆண்டின் பட்டியலில் இடம்பெற்ற 12 மாசுகளுள் நாற்றம் என்னும் தனித்தலைப்பு இல்லை. நள்ளிரவில் வீசி விடியலில் மறையும் நெடியைக் கருவி பதிவு செய்யாமற்போகலாம். உறக்கம் கலைந்து எழுந்தவர் அதனை அறிவார். இங்கு 1610இல் ஆல்ட்ரெட்டின் மூக்கு பெற்ற இடத்தையே எளாவூர்வாசியின் மூக்கும் பெறவேண்டியுள்ளது. அவ்வாறு பெறுவதற்கு அவருடைய விண்ணப்பத்தின் சொல் துணைநிற்க வேண்டும். ‘புகையால் தொல்லையாக இருக்கிறது’ என்று அவர் எழுதும்போது, சட்டத்தின் பொருளில் அது உரிமைக் கோரிக்கை. வழக்கின் பொருளில் அது மனக்குறை. படிப்பவர் எப்பொருளைக் கொள்கிறார் என்பதில்தான் முறையீட்டின் நிலை அடங்கியுள்ளது.

‘ஊறு’ என்னும் சொல்லின் தகுதி

இவ்விடைவெளியை நிரப்பத்தக்க சொல் தமிழிலேயே உள்ளது. ‘உறு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த ‘ஊறு’ இருபொருள் உடையது. திருக்குறளின் 27ஆம் குறளில் ஐம்புல நுகர்ச்சிகளுள் ஒன்றான தொடுவுணர்வை அது குறிக்கிறது. ‘வினைத்திட்பம்’ அதிகாரத்தின் 662ஆம் குறளில் செயலுக்கு நேரும் பழுதையும் இடையூறையும் குறிக்கிறது. உடலைத் தொடுவதும் கேடு செய்வதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் 1939ஆம் ஆண்டின் வரையறை புலனையும் கேட்டையும் ஒன்றாக வைத்ததோடு இது நன்கு பொருந்துகிறது.

‘இடையூறு’ என்னும் வடிவில் இச்சொல் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. ‘போக்குவரத்துக்கு இடையூறு’ என்பது அலுவலகத் தமிழில் இயல்பான தொடர். ‘ஊறு விளைவித்தல்’ என்னும் தொடரும் படித்தோர்க்குப் புதிதன்று. எனவே ‘பொது ஊறு’ என்பது புரியாத புத்தாக்கமாக நில்லாது. மாற்றாகக் கூறத்தக்க ‘பொதுக்கேடு’ என்பதில் புலனுணர்வுக்கு இடமில்லை. ‘பொதுத்தொல்லை’ நெடுங்காலமாக நிலைத்துவிட்டதால் அதனை முற்றிலும் நீக்குதல் நடைமுறைக்கு எளிதன்று என்னும் மறுப்பு ஏற்கத்தக்கதே. அந்நிலையில், சட்ட அகராதிகளும் பயிற்சி நூல்களும் ‘தொல்லை’ என்பதற்கு எதிரே ‘புலனுக்கும் உடலுக்கும் சொத்துக்கும் நேரும் ஊறு’ என்னும் விளக்கத்தையேனும் இணைத்தல் பயன்தரும்.

முடிவுரை

‘நியூசென்ஸ்’ தீங்கு என்னும் பொருளில் பிறந்து, பேச்சில் எரிச்சலாக மெலிந்து, சட்டத்தில் தீங்காகவே நீடித்தது. தமிழில் கடன்சொல் காவல் நிலைய வழக்கின் வழியாகவும், மொழிபெயர்ப்பு அன்றாட வழக்கின் வழியாகவும் மெலிந்த பொருளையே பெற்றன. இதனால் தமிழில் முறையிடுவோர் சட்டம் தமக்கு அளித்த உரிமையைவிடச் சிறிய சொல்லில் அதனைக் கோரும் நிலை உள்ளது. சேதத்திற்கு இடம் காரணமாகாது, ஆதாயம் மன்னிப்பாகாது, புலனறிவும் சான்றாகும் என்னும் மூன்று கொள்கைகளும் பொதுத்தொல்லைச் சட்டத்தின் வரலாற்றில் உள்ளன. எளாவூர் போன்ற ஊர்களில் எழுதப்படும் விண்ணப்பங்களில், ‘தொல்லை’ என்னும் சொல்லோடு எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் புலனுக்கும் எந்தப் பயிருக்கும் என்ன ஊறு நேர்ந்தது என்பதும் இடம்பெறுமாயின், அச்சொல் இழந்த கனத்தை ஓரளவு மீட்கலாம். வட்டாட்சியர் அலுவலகங்களிலும் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அலுவலகங்களிலும் பெறப்படும் தமிழ் விண்ணப்பங்களின் சொல்லாட்சியைத் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.